முறை நல்லது, ஆள்தான் சரியில்லை என்பவர்களுக்கு

புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் தொழில் நடத்துபவர்களிடையே ஒரு தீர்ப்பு விசாரணையே இல்லாமல் நிலைத்துவிட்டது. இறால் பதனிடும் ஆலை, உப்பளம், தும்புத் தொழிற்சாலை, கற்பிட்டியின் சுற்றுலா விடுதி என எங்கே ஒரு புதிய வேலைமுறை கொண்டுவரப்பட்டு ஆறு மாதத்தில் படுத்துவிட்டாலும் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: “முறையில பிழை இல்ல, எங்கட ஆக்கள்தான் மாறுறாங்க இல்ல.” கொழும்பிலிருந்து வரும் ஆலோசகர்கள் இதையே மெருகேற்றி “மாற்றத்துக்கான எதிர்ப்பு” என்கிறார்கள். முதலாளி சொன்னால் அங்கலாய்ப்பு. ஆலோசகர் சொன்னால் ஆய்வு முடிவு, அதற்குக் கட்டணமும் உண்டு.

இந்தக் கருத்தை வைத்திருப்பவர்கள் விவரமில்லாதவர்கள் அல்லர். அவர்கள் பக்க நியாயத்தை முழுமையாகவே சொல்லிவிடலாம். ஏற்றுமதி செய்ய வேண்டுமானால் வாங்கும் நாடு கேட்கும் உணவுப் பாதுகாப்பு நியமங்களுக்கு ஆலை உட்பட்டாக வேண்டும். அதற்காகப் பணம் செலவழித்திருக்கிறார்கள், பயிற்சி வகுப்பு வைத்திருக்கிறார்கள், சுவரில் அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள். பிறகு ஒருநாள் குளிர் அறையின் வெப்பநிலைப் பதிவேட்டைத் திறந்தால், மூன்று நாள் பதிவும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரே எண்ணாக இருக்கிறது. திறக்கவே கூடாதென்று சொல்லிவைத்த இரவில் இறால் குளத்து மதகு திறந்து கிடக்கிறது. இதையெல்லாம் கண்ணால் கண்ட ஒருவர் ஆட்கள்தான் பிரச்சினை என்று நினைப்பதில் வியப்பில்லை. நினைத்துவிட்டால் அடுத்த வேலைகளும் தாமாகவே வரிசையில் வந்து நிற்கின்றன: கண்காணிப்பைக் கூட்டு, கமெரா பூட்டு, தண்டப்பணம் அறவிடு, பழைய ஆட்களை நிறுத்திவிட்டு இளம் பிள்ளைகளை எடு.

கண்டது உண்மை. எடுத்த முடிவு பிழை. பிழை என்பதற்கான சான்று இந்தக் கரையிலேயே கிடக்கிறது. இந்த முதலாளிகளில் பலர் அதைக் கடந்துதான் அன்றாடம் அலுவலகத்துக்குப் போகிறார்கள்.

1. வேலியோடு முடியும் ஒழுங்கு யாரைக் காப்பாற்றியது?

சிலாபத்திலிருந்து ஆரச்சிக்கட்டுவை, முந்தல் வழியாகப் புத்தளத்துக்குப் போகும் பாதைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்தில், வரம்பு சரிந்து காய்ந்து கிடக்கும் இறால் குளங்களை யாரும் பார்க்கலாம். 1980களில் வடமேல் மாகாணத்தில் இறால் வளர்ப்பு பெருகத் தொடங்கியபோது முதலில் இறங்கியவை பணமும் வெளிநாட்டுத் தொழில்நுட்பமும் கொண்ட பெரிய நிறுவனங்கள். அவற்றைப் பார்த்துச் சிறு பண்ணையாளர்கள் வந்தார்கள். களப்போரத்துச் சதுப்பும் கண்டல் காடும் வெட்டிக் குளங்களாக்கப்பட்டன. வளர்த்தது கறுப்புப் புலி இறால். விற்றது வெளிநாட்டுச் சந்தையில். 1996இல் வெண்புள்ளி நோய் வந்தது. அறிகுறி தெரிந்து மூன்றிலிருந்து பத்து நாள்களுக்குள் குளத்தில் ஒன்றும் மிஞ்சாமல் செய்யக்கூடிய வைரஸ் அது. மறுபடி எழுந்து நிற்கப் பார்த்த தொழிலை 1998இல் அது இன்னொரு முறை அடித்தது. அந்த முறை மஞ்சள்தலை நோயும் கூடவே வந்தது.

இந்த அழிவை “ஆட்கள் சரியில்லை” என்ற விளக்கத்தால் அளந்து பார்க்கட்டும். படித்தவர்களையும் பரிசோதனை வசதிகளையும் வைத்திருந்த பெரிய பண்ணைகளும் தப்பவில்லை, ஒன்றுமில்லாத சிறு பண்ணைகளும் தப்பவில்லை. காரணம் தண்ணீர். சிலாபம் களப்பு, முந்தல் ஏரி, புத்தளம் களப்பு மூன்றையும் தொடுத்துக்கொண்டு ஒல்லாந்தர் கால்வாய் ஓடுகிறது. பண்ணைகள் தண்ணீர் எடுத்தது இந்த நீர்வழியிலிருந்து. கழிவு நீரைத் திருப்பி விட்டதும் இதற்குள்ளேயேதான். ஒருவர் நோய் கண்ட குளத்தைத் திறந்துவிட்ட பிறகு, பக்கத்துப் பண்ணையின் அத்தனை சுத்தமும் செல்லாக்காசு. ஒவ்வொரு பண்ணையும் தன் வேலிக்குள் நூற்றுக்கு நூறு ஒழுங்காக நடந்திருந்தாலும், ஒரு பண்ணைக்கும் மறு பண்ணைக்கும் நடுவே என்ன நடக்க வேண்டும் என்பதை ஆள்வதற்கு அன்று வலுவான பொது ஏற்பாடு இருக்கவில்லை.

நிறுவனங்களுக்குள்ளும் இதே கால்வாய் ஓடுகிறது. கொள்வனவுப் பிரிவுக்கு ஒரு நடைமுறை, உற்பத்திக்கு ஒன்று, கணக்குப் பிரிவுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் அழகாக எழுதப்பட்டிருக்கும். கொள்வனவுப் பிரிவு மலிவான பனிக்கட்டியைத் தாமதமாக அனுப்பினால் உற்பத்திப் பிரிவின் வெப்பநிலைப் பதிவேடு பொய் சொல்லத் தொடங்கும். பொய் எழுதியவன் பிடிபடுவான். பனிக்கட்டியைத் தாமதமாக அனுப்பியவர் அந்த மாதம் செலவைக் குறைத்ததற்காகப் பாராட்டுப் பெறுவார்.

நோய்க்குப் பின்னர் இறால் தொழிலில் வந்த ஏற்பாடு வேறு வகையானது. 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் உருவான நீருயிரின வளர்ப்பு அதிகாரசபை, அதாவது எல்லோரும் நெக்டா என்று சொல்லும் நிறுவனமும், பண்ணையாளர் சங்கங்களும் சேர்ந்து பண்ணைப் பரப்பை ஐந்து வலயங்களாகவும் 32 உபவலயங்களாகவும் பிரித்தன. எந்த வலயம் எந்த மாதங்களில் குஞ்சு விடலாம், எப்போது குளத்தைக் காயப்போட வேண்டும் என்று வளர்ப்பு நாட்காட்டி ஒன்று போடப்பட்டது. பொரிப்பகத்திலிருந்து வரும் குஞ்சு பீசிஆர் பரிசோதனையில் தேறியிருக்க வேண்டும். நோய் கண்டவர் சங்கத்துக்குச் சொல்ல வேண்டும். தொற்று நீக்காமல் தண்ணீரை வெளியே விடக் கூடாது.

இந்த விதிகளில் அதிசயம் ஒன்றும் இல்லை. நல்ல குஞ்சு விடு, நோய்த் தண்ணீரைத் திறக்காதே என்பதெல்லாம் எந்த நிபுணரும் எந்த நாளும் சொல்லக்கூடியவை. புதிதாக இருந்தது, விதியைப் போடும் இடத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்பதும், அதை யார் காவல் காத்தார்கள் என்பதும். நாட்காட்டியின் மாதங்கள் சங்கங்கள் கூடிப் பேசி, பேரம் பேசி, வாக்குவாதப்பட்டு வருபவை. மீறுபவரை முதலில் கண்டுபிடிப்பவர் அதே தண்ணீரை எடுக்கும் அயல் பண்ணைக்காரர். காவல் காக்க அவருக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. அவருக்கென்று ஒரு குளம் அங்கே இருக்கிறது, அது போதும்.

ஏற்பாடு குறையற்றது என்று யாரும் வாதாட வேண்டியதில்லை. அதற்குப் பிறகும் நோய் வந்தது. முறைக்கு வெளியே குஞ்சு விட்டவர்களும் உண்டு. கைவிடப்பட்ட குளங்களில் பெரும்பகுதி கைவிடப்பட்டதாகவே இருக்கிறது. ஆனால் தொழில் பிழைத்தது, அதுவும் பெரும்பாலும் சிறு பண்ணையாளர்களின் கையில். முந்தலிலும் ஆரச்சிக்கட்டுவையிலும் புதிய மனிதர்கள் வந்து குடியேறவில்லை. ஒழுங்கே இல்லாதவர்கள் என்று சொல்லப்பட்ட அதே ஆட்கள், தாங்களும் சேர்ந்து போட்ட நாட்காட்டிக்குக் கட்டுப்பட்டு, குளம் தயாராக இருந்தும் தங்கள் முறை வரும்வரை குஞ்சு விடாமல் காத்திருக்கிறார்கள். குளத்தைச் சும்மா போட்டுவிட்டுக் காத்திருப்பது எவ்வளவு கடினம் என்பது வங்கிக் கடன் வாங்கியவருக்குத் தெரியும்.

இது புத்தளத்துக்கு மட்டும் வாய்த்த தற்செயலும் அல்ல. ஆந்திரத்தின் மேற்கு கோதாவரி மாவட்டத்து மொகல்தூரில், இந்தியக் கடல்சார் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமும் ஆசிய-பசிபிக் நீருயிரின வளர்ப்பு வலையமைப்பும் 2000களின் தொடக்கத்தில் சிறு பண்ணையாளர்களைக் குழுக்களாகச் சேர்த்துத்தான் நல்ல வளர்ப்பு முறைகளைக் கொண்டுசென்றன. தனிப் பண்ணையாகச் செய்ய முடியாததைக் குழுவாகச் செய்ய முடிந்தது. அந்த அனுபவத்தின் மேல்தான் 2007இல் இந்தியாவில் ஒரு தேசிய நிலையமே அமைக்கப்பட்டது.

2. சுவரில் ஒட்டிய தாளா, சம்பளத் துண்டா?

எந்தப் புதிய நடைமுறையும் யாரோ ஒருவருடைய நேரத்தையோ கூலியையோ கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. அறிமுகக் கூட்டத்தில் தேநீரும் வடையும் உண்டு, படம் போட்டு விளக்கமும் உண்டு. இந்தக் கணக்கு மட்டும் பேசப்படுவதில்லை.

இறால் உரிக்கும் மேசையில் கிலோக் கணக்கில் கூலி வாங்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். குறித்த நேரத்துக்கு ஒருமுறை கை கழுவு, கையுறையை மாற்று, கூடையில் பனிக்கட்டி குறைந்தால் உரிப்பதை நிறுத்து என்று புதிய முறை சொல்கிறது. உணவுப் பாதுகாப்பின்படி ஒவ்வொன்றும் நியாயம். நிறுத்தும் ஒவ்வொரு நிமிடமும் அவளுடைய காசு. ஆக, ஆலை அவளுக்கு இரண்டு கட்டளைகள் தந்திருக்கிறது. சுவரில் ஒட்டிய தாள் நிதானமாகச் செய் என்கிறது. மாத முடிவில் கைக்கு வரும் சம்பளத் துண்டு வேகமாகச் செய் என்கிறது. அரிசி வாங்குவது இரண்டாவதை வைத்துத்தான். அவள் அதன்படி நடக்கும்போது நிர்வாகத்தின் சொல்லைக் கேட்கிறாள். நிர்வாகம் உண்மையில் எதைச் சொல்கிறதோ அதை. இதற்கு “எதிர்ப்பு” என்று பெயர் வைத்தவர் சம்பளத் துண்டைப் பார்க்கவில்லை.

உப்பளத்தில் இது நாள் குறிப்பதில் வெளிப்படுகிறது. உப்பு விளைவது வெயிலை நம்பி. மழை வருமுன் வாரியாக வேண்டும். 2024 இறுதியிலிருந்து தொடர்ந்த மழை விளைச்சலைக் கெடுத்ததில், சுற்றிலும் கடல் சூழ்ந்த இந்தத் தீவு 2025இல் இந்தியாவிலிருந்து உப்பு இறக்குமதி செய்தது. அப்படிப்பட்ட ஒரு தொழிலில், புதிய எடைப் பதிவு முறையோ புதிய களஞ்சிய முறையோ வாரும் பருவத்தின் நடுவில் தொடங்கப்பட்டால், பாத்தியில் நிற்பவர் பதிவேட்டை மூடிவைத்துவிட்டு உப்பை வாருவார். அதுதான் சரியும்கூட. தேதியைக் குறித்தது அலுவலகத்தின் நிதியாண்டு. வானத்தை யாரும் கேட்கவில்லை.

3. குற்றவாளி கிடைத்தான், கோப்பு மூடப்பட்டது

ஆளைப் பிடித்ததும் விசாரணையை முடிக்கும் பழக்கம் நாட்டளவிலும் உண்டு. 2020 ஆகஸ்ட் 17ஆம் தேதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. கெரவலப்பிட்டி உபமின்நிலையத்தில் பராமரிப்பு வேலையின்போது நடந்த மனிதத் தவறு என்று காரணம் சொன்னார்கள். மின்சாரம் அன்றே திரும்பியது. ஆனால் அதிர்ச்சியில் நின்றுபோன, இதே கரையோரத்து நுரைச்சோலை லக்விஜய நிலையம், 900 மெகாவாட் கொண்ட நாட்டின் ஆகப் பெரிய மின்நிலையம், மறுபடி முழுதாக ஓடப் பல நாள் பிடித்தது. அத்தனை நாளும் தீவெங்கும் சுழற்சி முறை மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9ஆம் தேதி நாடு மறுபடி இருண்டது. இம்முறை பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு. எரிசக்தி அமைச்சர் சொன்ன இந்தக் காரணம் உலகச் செய்தியானது. நுரைச்சோலை மறுபடி நின்றது, மறுநாளும் அதற்கு மறுநாளும் மின்வெட்டு.

ஏறத்தாழ ஐந்தாண்டு இடைவெளியில் மனிதன் இருந்த இடத்துக்குக் குரங்கு வந்திருக்கிறது. மற்றதெல்லாம் அப்படியே.

ஒரு கைத்தவறோ ஒரு குரங்கோ இருநூறு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் மின்சாரத்தை நிறுத்த முடிகிறதென்றால், விசாரிக்க வேண்டியது கையையும் குரங்கையும் அல்ல. 2025 நிகழ்வுக்குப் பின் மின்சார சபையே இன்னொரு விளக்கத்தையும் தந்தது: ஞாயிறு பகல், மின் தேவை குறைவு, சூரிய மின்சாரம் அதிகம், அதனால் திடீர் அதிர்ச்சியைத் தாங்கும் சக்தி கட்டமைப்பில் குறைந்திருந்தது. உண்மையான கதை அங்கே இருக்கிறது. ஆனால் பொதுமக்கள் நினைவில் நின்றது குரங்குதான், ஏனென்றால் அதைச் சொல்வது சுலபம், சிரிக்கவும் முடிகிறது.

கம்பனிகளும் இப்படித்தான் தங்கள் குரங்கைத் தேடுகின்றன. பதிவேட்டைப் பொய்யாக நிரப்பிய பையன் வேலையிலிருந்து நிறுத்தப்படுகிறான். அடுத்த பையன் வருகிறான், மூன்று வாரத்தில் அவனும் அதே பேனாவில் அதே எண்ணை எழுதுகிறான். ஒரு விதியை ஒரே ஒருவர் மட்டும் மீறுகிறார் என்றால் ஆளைப் பார்க்கலாம். எல்லா வேலைநேரத்து ஆட்களும், இரவும் பகலும், புதியவரும் பழையவரும் ஒரே விதியை மீறுகிறார்கள் என்றால் பார்க்க வேண்டியது விதியை. இந்தச் சின்னப் பிரிப்பைக்கூடச் செய்யாமல் ஆள் மாற்றும் நிர்வாகங்கள் எத்தனை!

4. சரி அடையாளம் போட்டால் சரியாகிவிடுமா?

“கட்டாயமாக்கு, கணக்கெடு, பிறகு பார்” என்பது அடுத்த வாதம். இதற்குப் பதில் ஆலைகளிலிருந்து வருவதைவிட அறுவைச் சிகிச்சைக் கூடத்திலிருந்து நன்றாக வருகிறது.

உலக சுகாதார அமைப்பின் 19 அம்ச அறுவைச் சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியல் எட்டு நகர வைத்தியசாலைகளில் சோதிக்கப்பட்டது. புதுடில்லியும் மணிலாவும் அவற்றில் உண்டு, தன்சானியாவின் இபாக்காராவும் உண்டு, டொரொன்டோவும் உண்டு. மரண வீதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆக இறங்கியது என்று 2009இல் முடிவு வெளியானது. ஒரு தாள், பாதி மரணம். எந்த நிர்வாகிக்குத்தான் ஆசை வராது? டொரொன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணம் அத்தகைய பட்டியலை எல்லா வைத்தியசாலைகளுக்கும் பொருந்தும்படி செய்து, கடைப்பிடிக்கும் அளவைப் பகிரங்கமாக அறிக்கையிடவும் வைத்தது. 101 வைத்தியசாலைகளின் தரவை எடுத்து 2014இல் வெளியான ஆய்வில், மரணத்திலோ சிக்கல்களிலோ குறிப்பிடத்தக்க குறைவு தெரியவில்லை. வைத்தியசாலைகள் அனுப்பிய அறிக்கைகளிலோ கடைப்பிடிப்பு ஏறத்தாழ முழுமை.

அந்த ஆய்வின் கால அளவு போதாது என்று வாதாடுபவர்கள் உண்டு. அவர்கள் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஒன்று உறுதி. தாள் ஏறத்தாழ அதேதான், விளைவு வேறு. முதல் சோதனையில் வைத்தியசாலைக் குழுக்கள் தங்கள் கூடத்துக்கு ஏற்றபடி அதைப் பொருத்திப் பழகின. பின்னையதில் மேலிருந்து வந்த கட்டளைக்கு அடையாளம் போட்டு அனுப்பின என்பதுதான் பலர் சுட்டும் வேறுபாடு.

நம் கரையோர நிறுவனங்களில் நடைமுறை ஆவணம் யாருக்காக எழுதப்படுகிறது என்று கேட்டால் விடை உடனே தெரியும். ஆங்கிலத்தில் இருக்கிறது. புத்தளத்திலும் உடப்பிலும் கற்பிட்டியிலும் தமிழ், சிலாபத்துப் பக்கம் சிங்களம், பல இடங்களில் இரண்டும் கலந்து பேசும் ஆட்கள் அதை வாசிக்கப்போவதில்லை. வாசிக்கப்போகிறவர் ஆண்டுக்கு ஒருமுறை வரும் கணக்காய்வாளர். அவருக்காக எழுதியதை அவர் வரும் வாரத்தில் மட்டும் கடைப்பிடிக்கும் ஊழியர்கள், அந்த ஆவணத்தின் நோக்கத்தை மிகச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள்.

5. “எதிர்ப்பு” என்ற சொல்லைத் தந்த ஆலை என்ன சொன்னது?

ஆலோசகர்கள் அடிக்கடி வீசும் இரண்டு ஆயுதங்களை இங்கே எடுத்துப் பார்த்துவிடலாம். ஒன்று, மாற்ற முயற்சிகளில் 70 சதவீதம் தோல்வியடைகிறது என்ற எண். இதன் வேர்களில் ஒன்று 1993இல் ஹாமரும் சாம்பியும் எழுதிய நூல்; 50 முதல் 70 சதவீதம் என்று எழுதியபோது, அது அறிவியல் முறையில் கணித்ததல்ல என்று அவர்களே சொல்லியிருந்தார்கள். 2011இல் மார்க் ஹியூஸ் என்ற ஆய்வாளர் இந்த எண்ணைத் தேடிப் போய், நம்பத்தக்க ஆதாரம் எதுவும் அதற்குக் கீழே இல்லை என்று எழுதினார். எண் இன்றும் கருத்தரங்குத் திரைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது ஆயுதம் “மாற்றத்துக்கான எதிர்ப்பு” என்ற சொற்றொடர். முகாமைத்துவ உலகில் இதைப் பரப்பிய கட்டுரை 1948இல் லெஸ்டர் கோக், ஜோன் பிரெஞ்ச் இருவரும் எழுதியது. களம், அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் மேரியன் என்ற ஊரிலிருந்த ஹார்வூட் பைஜாமா ஆலை. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். செய்யும் துண்டுக்கு ஏற்பக் கூலி. வேலைமுறையை மாற்றும்போதெல்லாம் உற்பத்தி விழுகிறது, ஆட்கள் முறையிடுகிறார்கள், வேலையை விட்டே போகிறார்கள் என்பது நிர்வாகத்தின் குறை. புத்தளத்து முதலாளியின் அதே குறை.

அவர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கம்போல் புதிய முறையையும் புதிய கூலி வீதத்தையும் அறிவித்து விளக்கம் கொடுத்தார்கள். வேறு குழுக்களில் எல்லோரையுமே உட்காரவைத்து, ஏன் மாற்ற வேண்டும், எப்படி மாற்றலாம், கூலி வீதத்தை எப்படிக் கணிப்பது என்பதில் பங்கெடுக்க வைத்தார்கள். அறிவிப்புக் கேட்ட குழுவில் உற்பத்தி விழுந்து எழவில்லை. 40 நாள்களுக்குள் 17 சதவீதத்தினர் விலகினார்கள். பங்கெடுத்த குழுக்கள் சீக்கிரமே பழைய வேகத்துக்கு வந்து அதையும் தாண்டின, யாரும் விலகவில்லை. குழுக்கள் சிறியவை என்பதால் இதை மட்டும் வைத்துக் கோட்டை கட்டக் கூடாது. ஆனால் அடுத்துச் செய்ததுதான் முக்கியம். சில மாதம் கழித்து, அந்த முதல் குழுவில் மிஞ்சியிருந்த அதே பெண்களுக்கு இன்னொரு வேலை மாற்றம் வந்தபோது, இம்முறை அவர்களையும் பங்கெடுக்க வைத்தார்கள். அவர்களும் மற்றக் குழுக்களைப் போலவே ஏறிவந்தார்கள்.

எதிர்ப்பு ஆளின் குணமாக இருந்திருந்தால், ஆள் மாறாமல் அது மறைந்திருக்க முடியாது. ஆலோசகர்கள் இந்தக் கட்டுரையின் தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு முடிவை ஆலையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.

அது அமெரிக்கா, இது இலங்கை என்பார்கள். சரி, இலங்கைக்கே வருவோம். கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலை ஓர் அரச நிறுவனம்: நினைத்தபோது ஆளை நீக்க முடியாது, சம்பளத்தைக் கூட்ட முடியாது, நோயாளிக் கூட்டம் ஓய்வதில்லை. 2000ஆம் ஆண்டில் பணிப்பாளர் வைத்தியர் விமல் கரந்தகொட அங்கே ஜப்பானிய 5எஸ் முறையைத் தொடங்கினார். சிற்றூழியரிலிருந்து மருத்துவர்வரை அவரவர் இடத்தை அவரவரே ஒழுங்குபடுத்தும் சிறு குழுக்கள் வழியாக அது பரவியது. பின்னாளில் ஜப்பானிய உதவி நிறுவனமான ஜைக்கா ஆபிரிக்க நாடுகளின் வைத்தியசாலை நிர்வாகிகளுக்குக் காட்டும் முன்மாதிரியாக இந்த வைத்தியசாலை ஆனது. இலங்கை ஆட்கள் மாறமாட்டார்கள் என்று புத்தளத்தில் சொல்லிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், தன்சானியாவிலிருந்து ஆட்கள் இலங்கையரிடம் கற்றுக்கொள்ள வந்தார்கள்.

6. “இதற்கெல்லாம் நேரம் ஏது?”

கடைசித் தற்காப்பு இதுதான். கூட்டிப் பேசிக்கொண்டிருந்தால் கப்பல் போய்விடும், வாங்குபவர் வியட்நாமுக்கோ இந்தியாவுக்கோ திரும்பிவிடுவார். அவசரம் உண்மையானது என்பதை மறுப்பதற்கில்லை.

அப்படியானால் செலவான நேரத்தையே எண்ணிப் பார்க்கட்டும். அறிவித்து, பயிற்சி கொடுத்து, ஆறு மாதத்தில் படுத்து, ஒரு வருடம் கழித்துப் புதிய ஆலோசகருடன் வேறு பெயரில் மறுபடி தொடங்கும் நிறுவனம் எத்தனை வருடத்தை அப்படிக் கரைத்திருக்கிறது? முதல் தொற்றுக்கும் இரண்டாம் தொற்றுக்கும் நடுவே இறால் தொழிலுக்கு இரண்டு வருடம் கிடைத்தது. சந்திக்க ஊர்கள் தொலைவில் இல்லை, பேசத் தெரியாதவர்களும் இல்லை. ஒவ்வொருவரும் தன் குளத்தை மறுபடி நிரப்பும் அவசரத்தில் இருந்தார்கள். அந்த அவசரத்தின் விலை 1998இல் வசூலிக்கப்பட்டது.

பங்கெடுப்பு என்ற பெயரில் நடக்கும் இன்னொரு கூத்தையும் சொல்லாமல் விட முடியாது. முடிவை முன்பே எடுத்துவிட்டு, ஒரு சனிக்கிழமை எல்லோரையும் கூட்டி “உங்கட யோசனைகளைச் சொல்லுங்கோ” என்று கேட்டுவிட்டுச் சோற்றுப் பார்சல் கொடுத்து அனுப்புவது. வளர்ப்பு நாட்காட்டியில் பண்ணையாளருக்கு இருந்தது மாதத்தை மாற்றும் அதிகாரம். ஹார்வூட் பெண்களுக்கு இருந்தது கூலி வீதக் கணக்கில் இடம். மாற்றும் அதிகாரம் இல்லாத இடத்தில் ஆலோசனை கேட்பதைவிட நேரடியாகக் கட்டளையிடுவது நேர்மையானது. ஊழியர்கள் குறைந்தது அந்தச் சனிக்கிழமையையாவது வீட்டில் கழிப்பார்கள்.

கரையோரத்து நிறுவனத் தலைவர்களிடம் கேட்கப்படுவது பெரிய காரியம் எதுவும் இல்லை. அடுத்த முறை புதிய நடைமுறை ஒன்றை அறிவிக்கும் நாளில், அதைச் செய்ய ஊழியருக்கு எத்தனை நிமிடம் கூடுதலாகும், அந்த நிமிடங்களுக்கான கூலி எப்படித் திருத்தப்படும் என்ற தாளையும் பக்கத்திலேயே, தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டுங்கள். பனிக்கட்டி வராவிட்டால் வேலையை நிறுத்தும் அதிகாரம் மேசையில் நிற்பவருக்கு உண்டென்று அதில் எழுதி, கொள்வனவு முகாமையாளரையும் கையெழுத்திட வையுங்கள். முதல் மாதத்தில் எந்த விதி அதிகம் மீறப்படுகிறதோ அதை மீறியவர்களின் பெயர்களைக் கேட்பதற்கு முன், அந்த விதியைப் போட்டவரை ஒரு முழு வேலைநேரம் அந்த மேசையில் நிற்க வையுங்கள். இவற்றைச் செய்யாமல் ஊழியர்மேல் ஒழுக்காற்று விசாரணை வைக்கும் நிர்வாகம், விசாரிக்க வேண்டிய ஆளை விசாரணை மேசையின் தவறான பக்கத்தில் உட்காரவைத்திருக்கிறது.